கறுப்புக் கட்டத்துக்குப் பின்னால் இருப்பது சோம்பேறியா?

ஆன்லைன் வகுப்பு என்று பேச்சை எடுத்தாலே போதும், ஆசிரியர் அறைகளில் ஒரே பாட்டு தான். "பசங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை சார். கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கப் போயிடறாங்க." வீட்டிலும் இதே பாட்டு, ராகம் மட்டும் வேறு. "போனைக் கையில குடுத்தா எவன் படிப்பான்?" கல்வியாளர்கள் எழுதும் கட்டுரைகளில் இதுவே கொஞ்சம் மரியாதையாக வரும்: மாணவர்களிடம் கற்றல் ஊக்கம் குறைந்துவிட்டது, ஈடுபாடு இல்லை, சுயகட்டுப்பாடு போதவில்லை.

மூன்று தரப்பும் ஒரே தீர்ப்பைச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். கூண்டில் நிற்பவனை ஒருவரும் விசாரிக்காமலேயே தீர்ப்பு வந்துவிட்டால் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும்.

பி.காம். படிப்பவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங்கில் பிராசஸ் காஸ்டிங் என்று ஒரு பகுதி உண்டு. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு தொழிற்சாலையில் 100 கிலோ மூலப்பொருள் உள்ளே போகிறது. சூட்டில் ஆவியாகி, தூளாகி, 5 கிலோ எப்படியும் போய்விடும் என்பது அனுபவத்தில் தெரியும். இந்த 5 கிலோ நார்மல் லாஸ். யாரையும் குறை சொல்ல முடியாது. அதன் செலவை மீதி 95 கிலோ தலையில் கட்டிவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் 95 வர வேண்டிய இடத்தில் 70 தான் வந்தது என்றால்? மீதி 25 கிலோவை நார்மல் என்று எழுத முடியாது. அது அப்நார்மல் லாஸ். அதற்குத் தனியாக ஒரு கணக்கு திறக்க வேண்டும். நல்ல சரக்குக்கு என்ன விலையோ அதே விலையை அதற்கும் போட்டு, லாப நட்டக் கணக்குக்குக் கொண்டு போக வேண்டும். எதற்காக? முதலாளி கண்ணில் படவேண்டும் என்பதற்காக. மெஷின் கோளாறா, ஆள் கவனக்குறைவா, மூலப்பொருள் மட்டமா என்று ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். மூலப்பொருள் மட்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம் தான், ஆனால் அதையும் நிரூபிக்க வேண்டும். "சரக்குக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

ஆன்லைன் கல்வியில் மட்டும் போடுகிறார்கள்! வருடக்கணக்காகப் போட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

*

எண்களைப் பார்க்கலாம். 2012-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மின்சுற்றுகள் பற்றிய தன் பாடத்தை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. அந்த வருடத்தைத் தான் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இந்த வகை திறந்த இணையப் பாடங்களின் ஆண்டு என்று கொண்டாடியது. முதல் முயற்சி, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள்.

சரியானதா? எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் 2012 முதல் 2018 வரை நடத்திய பாடங்களின் கணக்கை ஆராய்ந்து 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல் பாடத்தை முடித்தவர்கள் பங்கேற்றவர்களில் 3.13 சதவீதம். ஆறு வருடம் கழித்தும், இவ்வளவு பணம் கொட்டியும், நூற்றுக்கு மூன்று.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. இலவசம் என்பதால் பொழுதுபோகாதவர்கள் எல்லாம் பெயர் கொடுத்திருப்பார்கள், அவர்களை எப்படி இழப்பு என்று சொல்வது? உண்மை தான். அதே கட்டுரையின்படி பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்தின் உள்ளேயே நுழையவில்லை. தி.நகரில் கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் புடவை பார்த்துவிட்டுப் போகிறவர்களை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்க முடியாது. அவர்களைக் கழித்துவிடலாம். அது நார்மல் லாஸ்.

ஆனால் கையிலிருந்து காசு கட்டிச் சான்றிதழுக்கென்றே சேர்ந்தவர்கள்? அவர்களில் முடித்தவர்கள் அதே வருடம் 46 சதவீதம். காசு கட்டியவர்கள் கூடப் பாதிக்குப் பாதி வெளியே போயிருக்கிறார்கள். இவர்களுக்குமா ஆர்வம் இல்லை? ஆர்வம் இல்லாதவன் எதற்காகப் பையில் கை விட்டான்?

கணக்கு இங்கே தான் இடிக்கிறது. ஆர்வத்தோடு வந்தவன் பாதி வழியில் ஆர்வம் இழந்தான் என்றால், அவன் வந்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்று தான் முதலில் கேட்க வேண்டும். அவன் வீட்டில் அவனை எப்படி வளர்த்தார்கள் என்று கேட்பது அப்புறம்.

*

உள்ளே என்ன நடக்கிறது? அமெரிக்கா வரை போக வேண்டாம், தமிழ்நாட்டையே பார்க்கலாம். 2020 மார்ச்சில் மூடிய கல்லூரிகள், இடையில் கொஞ்ச நாள் திறந்ததைத் தவிர, 2021 செப்டம்பர் வரை பெரும்பாலும் போனிலேயே நடந்தன. அந்த வகுப்பறை எப்படி இருந்தது என்பது அதில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்.

காலை ஒன்பது மணி. திரையில் 120 பெயர்கள், 120 கறுப்புக் கட்டங்கள். "ஆடிபிளா?" என்று ஆசிரியர் கேட்பார். நாலு பேர் "எஸ் சார்" என்று தட்டுவார்கள். வருகைப் பதிவு பத்து நிமிடம். பிறகு கன்சாலிடேட்டட் பேலன்ஸ் ஷீட். வகுப்பறையில் கரும்பலகை முழுக்க விரியும் கணக்கு அது. ஒரு மூலையில் வந்த எண் இன்னொரு மூலைக்கு எப்படிப் போனது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்தால் தான் புரியும். அது இப்போது ஆறு அங்குலத் திரையில், புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்த பி.டி.எஃப். வடிவில். விரலால் பெரிதாக்கினால் இடது பக்கம் தெரியும், வலது பக்கம் மறையும். பாதியில் நெட் போகும். திரும்பி வரும்போது கணக்கு முடிந்திருக்கும். டேலி ஆகிவிட்டது என்று ஆசிரியர் சொல்லிக் கொண்டிருப்பார்.

வகுப்பறையாக இருந்தால் பக்கத்தில் இருப்பவனிடம் "டேய், இந்த இருபதாயிரம் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கிசுகிசுக்கலாம். அவனுக்கும் தெரியாவிட்டால் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து ஆசிரியரே திரும்பச் சொல்வார். ஆன்லைனில் மைக்கைத் திறந்தால் 120 பேர் காதிலும் அந்தச் சந்தேகம் விழும், கூடவே அடுப்படியில் குக்கர் விசில் அடிப்பதும் விழும். ஒருவரும் கேட்பதில்லை. "எனி டவுட்ஸ்?" "நோ சார்." வகுப்பு முடிந்தது.

இப்படி ஒரு நாள் விட்டது, அடுத்த நாள் புரியவில்லை. மூன்றாம் நாள் உட்காருவதில் அர்த்தமில்லை. நான்காம் நாள் உள்ளே நுழைந்து "பிரசன்ட்" போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். அந்த நான்காம் நாளை மட்டும் பார்த்துவிட்டுத் தான் சோம்பேறி என்கிறார்கள். முதல் மூன்று நாட்களை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வழியே இல்லை.

விஷயம் இது தான். வகுப்பறையில் ஒரு மாணவன் கவனிப்பது பாடம் சுவையாக இருப்பதால் மட்டும் அல்ல. தன்னையும் ஒருவர் கவனிக்கிறார் என்பதால். முகம் சுருங்கினால் தெரியும், வராவிட்டால் "எங்கடா நேத்து?" என்று கேள்வி வரும், தப்பாகப் போட்டால் சிவப்பு மையில் ஒரு வட்டம் விழும். ஆன்லைனுக்கு மாற்றியபோது பாடம் முழுசாக வந்து சேர்ந்தது. இந்தக் கவனிப்பு மட்டும் வந்து சேரவில்லை. அதற்குப் பதில் வந்தது கணக்கெடுப்பு. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள், வீடியோ எத்தனை சதவீதம் ஓடியது. எண்ணப்படுவதும் கவனிக்கப்படுவதும் ஒன்று என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

"அதே போனில் மூணு மணி நேரம் கேம் ஆடறானே, அது எப்படி?" என்று ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருப்பார்கள். நல்ல கேள்வி. பதிலும் அதிலேயே இருக்கிறது. அதே போன், அதே நெட், அதே பையன். மாறியது என்ன? 2020 செப்டம்பரில் தடை வரும் வரை ஊரே ஆடிய பப்ஜியில் நாலு பேர் கொண்ட அணி. ஒருவன் நெட் போய் விழுந்தால் மற்ற மூன்று பேரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் ஒருவன் விழுந்தால் 120 என்பது 119 ஆகும். அதைக் கூட யாரும் பார்ப்பதில்லை.

*

இதற்குக் கல்வி நிர்வாகங்கள் கண்டுபிடித்த மருந்துகள் இரண்டு. ஒன்று, கட்டாயம்: கேமராவை ஆன் செய், இல்லாவிட்டால் வருகை இல்லை, இன்டர்னல் மார்க் இல்லை. இரண்டு, மிட்டாய்: வீடியோ பார்த்தால் பேட்ஜ், வினாடி வினா முடித்தால் பாயின்ட், எல்லாம் முடித்தால் வண்ணச் சான்றிதழ்.

எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம் ஒரு கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு நடுவில் ஒரு கட்டத்தில் மட்டும் புதிரை முடித்தால் காசு என்றார். பிறகு காசை நிறுத்தினார். காசு வாங்கியவர்கள் அதன் பின் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது முன்பை விடக் குறைந்துபோனது. விளையாட்டாகச் செய்துகொண்டிருந்ததைக் கூலி வேலை ஆக்கியாயிற்று, கூலி நின்றால் வேலையும் நிற்கும் தானே? வருகை மார்க்கும் பேட்ஜும் இதே வேலையைத் தான் செய்கின்றன. மாணவன் பாயின்ட்டுக்கு எது தேவையோ அதை மட்டும் செய்வான். வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட விட்டுச் சாப்பிடப் போவான். வாராந்திர அசைன்மென்ட்டின் விடைகள் டெலிகிராமில் கிடைக்கும். கணக்கெடுப்பில் எல்லாம் பச்சையாக இருக்கும், மண்டையில் ஒன்றும் இருக்காது. இதற்கு 'ஈடுபாடு அதிகரிப்பு' என்று அறிக்கை எழுதுவது ஜல்லியடிப்பதில் தான் சேரும்.

இந்த மாதிரி ஏற்பாட்டில் யார் முதலில் விழுகிறார்கள் என்பது தான் வயிற்றெரிச்சல். 2013-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், உடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று பாடங்களை ஆன்லைனில் நடத்தியது. குறைந்த கட்டணம், ஏழை மாணவர்களுக்கு வரப்பிரசாதம் என்று விளம்பரம். சேர்ந்தவர்களில் ஏற்கெனவே கணக்கில் தவறியவர்களும், வசதி குறைந்த பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். அடிப்படைக் கணிதப் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கினர் கூடத் தேறவில்லை. ஜூலையிலேயே திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கோடையில் நடந்த வகுப்புகளில் தேர்ச்சி ஏறியது தான், ஆனால் அதில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள் நிறைய. அதாவது, படிக்கத் தெரிந்தவனுக்கு ஆன்லைன் படிப்பு நன்றாகவே வேலை செய்கிறது. யாருக்கு ஒரு ஆசிரியர் கட்டாயம் தேவையோ அவனைத் தான் கைவிடுகிறது.

தமிழ்நாட்டிலும் வீட்டில் தனி அறை, லேப்டாப், சந்தேகம் கேட்க ஒரு சி.ஏ. படித்த மாமா இருப்பவன் அந்த ஒன்றரை வருடத்தைத் தாண்டி வந்துவிட்டான். ஒரே போனைத் தம்பியோடு பங்கு போட்டுக்கொண்ட, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணால் அப்படித் தாண்ட முடியுமா? 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் 10.7 சதவீதம் தான். அந்தப் பெண் பாதியில் நின்றதற்கும் 'ஆர்வமின்மை' என்று பெயர் வைப்பது அநியாயம்.

*

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2021 ஜனவரியில் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவித்தது, ஏப்ரல் வரை. நல்ல உதவி தான், மறுக்க வேண்டியதில்லை. அதே வருடம் அக்டோபரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளை, சாயங்காலம், அவர்கள் தெருவிலேயே இருபது பேர் வரை உட்கார வைத்து ஒரு தன்னார்வலர் சொல்லிக் கொடுப்பார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. இரண்டு வருடம் டிவியிலும் போனிலும் பார்த்ததை எல்லாம் சரி செய்ய, கடைசியில் தேவைப்பட்டது ஒரு மனுஷி.

பள்ளிப் பிள்ளைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் அக்கா. கல்லூரி மாணவனுக்கு 2 ஜிபி. பதினெட்டு வயது ஆனதும் ஒருவர் கவனிக்க வேண்டிய தேவை தீர்ந்துவிடுகிறதா என்ன?

தீர்வதில்லை என்பதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் பாடம் நடத்தத் தொடங்கியபோது இணையம் ஏது? தபாலில் புத்தகம், பி.பி.சி.யில் அகால நேரத்தில் பாடம். சேர்ந்தவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை வளர்ப்பவர்கள். இன்றைய ஆன்லைன் வகுப்பை விட மோசமான வசதி. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டியூட்டர் உண்டு. அனுப்பிய விடைத்தாளைத் திருத்தி, ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். தபாலில் நடந்ததை வாட்ஸ்அப் காலத்தில் நடத்த முடியாது என்றால் யார் நம்புவது?

ஆசிரியர்களை மட்டும் திட்டுவதும் நியாயம் இல்லை. ஒரு நாளும் பயிற்சி கொடுக்காமல், 120 பேரை ஒரே லிங்கில் அடைத்து, நாளைக்கு நாலு வகுப்பு எடு என்று தள்ளிவிட்டால் அவர் என்ன செய்வார்? கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் வைத்து, சம்பளத்தில் மட்டும் கௌரவம் காட்டாத கல்லூரிகளில் அவரும் அந்தக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துத் தனியாகப் பேசியவர் தான். அவரையும் யாரும் கவனிக்கவில்லை.

இதெல்லாம் கொரோனாவோடு போச்சு, இப்போது எதற்கு என்று கேட்கலாம். போகவில்லை. யு.ஜி.சி.யின் 2021 விதிகளின்படி ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை 'ஸ்வயம்' தளத்தில் ஆன்லைனாகவே படித்து கிரெடிட் வாங்க ஒரு கல்வி நிறுவனம் அனுமதிக்கலாம். ஐந்தில் இரண்டு பங்கு! பாடங்கள் தரமானவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆசிரியர் நியமனத்தைத் தவிர்க்க ஒரு நிர்வாகத்துக்கு இதை விட வசதியான வழி கிடைக்காது. மாணவன் தோற்றால் சொல்வதற்குக் காரணமும் தயார்: ஆர்வம் இல்லை.

என்ன செய்யலாம்? பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ஆன்லைனில் ஒரு பாடம் வைக்கிறார்களா, அறுபது பேருக்கு ஒரு ஆசிரியரைப் பெயர் போட்டு நியமிக்கட்டும். வாரம் ஒரு கணக்கு கொடுக்கட்டும். கையால் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லட்டும். தப்பு எங்கே என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பட்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் அறுபது பேருக்கு மூன்று மணி நேரம். பாடத்தை ஒரு முறை பதிவு செய்துவிட்டால் ஆசிரியருக்கு வாரம் மிச்சமாகும் நேரமே இதற்குப் போதும். இரண்டு வாரம் ஒருவன் அனுப்பவில்லை என்றால் ஒரு போன். மிரட்ட வேண்டாம், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டால் போதும். கேமராவுக்கும் பேட்ஜுக்கும் மார்க் கொடுப்பதை நிறுத்தட்டும்.

கடைசியாக, கணக்கைத் திறக்கட்டும். ஒவ்வொரு ஆன்லைன் பாடத்துக்கும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இரண்டாம் வாரம் எத்தனை பேர், ஆறாம் வாரம் எத்தனை பேர், பரீட்சைக்கு எத்தனை பேர், தேறியது எத்தனை பேர், விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடட்டும். அப்நார்மல் லாஸ் கணக்கு என்பது இது தான். 25 கிலோ சரக்கு காணாமல் போனால் ஒரு சாதாரணத் தொழிற்சாலை இதைச் செய்கிறது. பிள்ளைகள் காணாமல் போகும்போது கல்லூரி செய்யக் கூடாதா?

அந்தக் கணக்கைத் திறந்து காட்டிய பிறகும் குற்றம் மாணவன் மேல் தான் என்று தெரிந்தால், தாராளமாகச் சோம்பேறி என்று திட்டலாம். அதுவரை அந்தப் பேச்சை நிறுத்தி வைப்பது நல்லது.